நெற்றியில் ஒரு குருவி

பாலாற்றங்கரை மாதனூரில், தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு நான் ஓவியம் கற்றுத்தருகிறேன். பூனை வரையும் பாடத்தை மாமல்லபுரத்தில்தான் தொடங்குவேன். அருச்சுனன் தபசுப் பாறையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஒரு பூனையைப் பின்னங்காலில் நிறுத்தி, கைகளைத் தூக்கித் தவம் செய்ய வைத்தான், காலடியில் எலிகள்.

19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில், காளிகாட் கோயில் வாசலில் படம் விற்றவர்கள் அதே போலிச் சாமியார்ப் பூனையை நெற்றியில் நாமம், வாயில் இறாலுடன் தீட்டினார்கள். பின்னால் வந்த ஜாமினி ராய் (1887–1972) அந்தப் பூனையைச் சில தடித்த கோடுகளாகச் சுருக்கினார்.

1922 டிசம்பரில் அதே கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. பால் க்ளேயின் படங்களும் வந்திருந்தன. அருவ ஓவியத்தில் பேர்போன க்ளேவுக்குப் பூனைகள்மேல் தீராத பிரியம். பிம்போ என்ற வெள்ளைப் பூனை அவர் வீட்டுச் செல்லம். 1928இல் வரைந்த ‘பூனையும் பறவையும்’ படத்தில் பூனை முகம்தான் படம் முழுக்க. நெற்றியில் ஒரு குருவி.

காளிகாட் பூனை நாமத்தால் ஆசையை மறைத்தது. க்ளே ஆசையையே நெற்றியில் தீட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத நினைப்பையும் வரையலாம் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு இந்த ஒரு படம் போதும்.