கோகோ வெண்ணெய்த் தோட்டா

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜில், முந்தாநாள் மீன் குழம்புச் சட்டியை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே தோட்டா வடிவில் வெள்ளை மருந்துகள். பாரிசிலிருந்து மகன் கோடை விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அது 'சுப்பொசித்துவார்'. அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. "அடியில வைக்கிற மருந்து" என்பாள், குரலைத் தாழ்த்தி.

அவள் அறிந்த வைத்தியம் வேறு. கைக்குழந்தைக்கு மலம் இறுகினால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பாள். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் பீச்சும் (எனிமா) உண்டு, வர்த்தியும் (திரி) உண்டு. ஆகவே இந்த வழியை வெள்ளைக்காரன் காட்டினான் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவன் கொண்டுவந்தது கோகோ வெண்ணெய்.

அமெரிக்கக் காடுகளில் விளைந்த கோகோ, சாக்லேட்டாகி ஐரோப்பாவை மயக்கிய பிறகு, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே அதன் கொழுப்பை மருந்துக்கு அடிப்பொருளாக எடுத்துக்கொண்டார். சரியான கண்டுபிடிப்பு. அறையில் கல் மாதிரி இருக்கும். சுமார் 34 டிகிரியில் உருகும். உடம்புச் சூடு 37. உள்ளே போனதும் கரைந்து மருந்தை விட்டுவிடும். ஆசனவாயை ஒட்டிய ரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் நேராக உடலுக்குள் போகின்றன. அதனால் மருந்தின் ஒரு பகுதி கல்லீரலில் சிதையாமல் தப்புகிறது. காய்ச்சலில் குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி ஏது?

பாரிசுக்குப் பொருந்திய கணக்கு புதுச்சேரி மே மாதத்தில் பொய்த்துப்போகும். ஒருமுறை கரண்ட் போய் அத்தை பெட்டியைத் திறந்தபோது உறைக்குள் நெய் மாதிரி ஓடியது. மறுபடி குளிரவைத்தாள், கெட்டியானது, ஆனால் விரலில் எடுத்ததும் குழைந்துவிட்டது. கோகோ வெண்ணெயின் குணம் அது: அதிகம் சூடேறி உருகி உறைந்தால் படிகம் மாறி, இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும். வெயில் நாடுகளுக்கு மாக்ரோகால் என்ற அடிப்பொருள் பிறகு வந்தது. அது உருகாது, உடலின் ஈரத்தில் கரையும். வைக்கும்முன் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும்.

இன்று சிசேரியன் முடிந்த தாய்மாருக்கு வலி தணிக்க டைக்ளோஃபினாக் தோட்டா நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். பூஞ்சையால் வரும் வெள்ளைப்படுதலுக்குக் குளோட்ரிமசோல் மாத்திரையும் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. இரவு படுக்கும்போது பிறப்புறுப்பில் வைப்பது. அதைத்தான் காகிதத்தில் சுற்றி, கண்ணைப் பார்க்காமல் நீட்டுகிறார்கள். வாங்குபவளும் கேட்பதில்லை. வீட்டில் போய் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் யார் பொறுப்பு?

மருந்துக்கடைக்காரரே, சில்லறை கொடுக்கும்போது அதையும் சொல்லுங்கள்: எங்கே, எப்போது, எப்படி வைப்பது என்று.