ரப்பரை நம்பிய போர்ஷே

1973-ல் அமெரிக்கச் சந்தைக்குப் போன போர்ஷே 911டி காரில் போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் எரிபொருள் செலுத்தும் அமைப்பு வந்தது. உள்ளே இழுக்கப்படும் காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும். தகடு எவ்வளவு எழுகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல். கணினி எதுவும் கிடையாது. அருமையான எளிமை!

ஆனால் அந்த எளிமை ரப்பரை நம்பியிருந்தது. காற்றுப் பெட்டியையும் ஆறு சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்களையும் இணைத்தவை குட்டையான ரப்பர் உறைகள். பின்மூடிக்கு அடியில், எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து அவை இறுகிப்போயின. விரலால் வளைத்தால் மடிப்பில் மயிரிழை விரிசல்கள் தெரியும். அவற்றின் வழியே நுழையும் காற்று தகட்டின் கணக்கில் சேராது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் ஐடிலில் திணறும்; குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்கையில் பேக்ஃபயர் அடித்து, பிளாஸ்டிக் காற்றுப் பெட்டியே பிளந்துபோவதும் உண்டு.

1983 வரை வந்த 911 எஸ்சி காரிலும் இதே அமைப்புதான்.

கசிவைத் தேட மெக்கானிக்குகள் குழாய்க்குள் புகையைச் செலுத்துகிறார்கள். உறைகளை மாற்றக் கை நுழைய இடமில்லாததால், பலர் எஞ்சினைச் சற்றே இறக்கிக்கொள்கிறார்கள். ஒன்று கிழிந்திருந்தாலும் ஆறையும் மாற்றிவிடுவதே சரி. எல்லாம் ஒரே சூட்டில் வெந்தவைதானே.