ரென்னி ஹாரிஸ் பியூர்மூவ்மென்ட்

ரென்னி ஹாரிஸ் பியூர்மூவ்மென்ட் என்பது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1992 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நடனக் குழுவாகும். இதனை நிறுவிய ரென்னி ஹாரிஸ் அந்நகரின் வடபகுதியில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். தெருமுனை ஹிப் ஹாப்பை அன்று பலரும் வெறும் வேடிக்கை வித்தையாகவே கண்டனர். அதைக் கொண்டு முழு நீளக் கதையே சொல்லலாம் என்று இக்குழு காட்டியது.

2000 இல் அரங்கேறிய 'ரோம் அண்ட் ஜுவல்ஸ்', சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைப் பிலடெல்பியாத் தெருவுக்குக் கொண்டுவந்தது. குடும்பப் பகை இங்கே கும்பல் பகையாயிற்று. ஒரு கும்பல் பிரேக் நடனமும் மற்றது ஹிப் ஹாப்பும் ஆடும். வியப்பு என்னவெனில், நாயகி மேடைக்கு வருவதே இல்லை! நாயகனின் பேச்சும் உடலசைவுமே அவளைக் காட்டுகின்றன. இளைஞரின் வன்முறையைப் பேசும் படைப்புக்கு இத்துணிவு பொருத்தமானதே.

2018 இல் ஆல்வின் எய்லி அமெரிக்க நடன அரங்கின் 60 ஆம் ஆண்டையொட்டி, ஹாரிஸ் 'லாசரஸ்' என்னும் படைப்பை அமைத்தார்.