பின்வளவுக் கோழி எப்போது குற்றமானது?

பின்வளவில் நாலு கோழி வளர்ப்பது சட்டப்படி பிழை என்று சொன்னால் எங்கள் ஊரில் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில் அது நீண்டகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. சில இடங்களில் இன்றைக்கும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வீடு கோழி வளர்க்கும்படி ஒருகாலத்தில் மக்களைக் கேட்டதும் அதே நாட்டின் அரசாங்கம்தான்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. இறைச்சியும் கோதுமையும் படைகளுக்கும் ஐரோப்பிய நேசநாடுகளுக்கும் கப்பலேற வேண்டியிருந்தன. அப்போ ஊரில் இருக்கிற சனம் எதைச் சாப்பிடுவது? விவசாயத் திணைக்களம் ஒரு சுவரொட்டி வெளியிட்டது. நீங்கள் கோழி வளர்ப்பீர்கள் என்று ‘அங்கிள் சாம்’ எதிர்பார்க்கிறார் என்றது அது. வீட்டில் ஆளுக்கு இரண்டு பேட்டுக்கோழி இருந்தால் குடும்பத்துக்கு முட்டை போதும் என்று கணக்கும் சொன்னது. கோழி வளர்ப்பு சமாதான காலத்தில் இலாபமான பொழுதுபோக்கு, யுத்த காலத்தில் தேசபக்திக் கடமை என்பது அதன் வாசகம்.

சமாதானம் வந்தபிறகு நடந்தது வேறு. 1926 இல், ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில், நிலத்தை வலயங்களாகப் பிரித்து எங்கே என்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான பொருளும் இடம் மாறினால் தொல்லைதான் என்பதற்கு நீதியரசர் சதர்லாண்ட் காட்டிய உதாரணம், பட்டியில் நிற்கவேண்டிய பன்றி வீட்டு மண்டபத்துக்குள் நிற்பது. பன்றிக்குச் சொன்ன நியாயம் கோழிக்கும் வந்து சேர்ந்தது. குடியிருப்பு வலயம் எண்டால் அங்கே குடியிருக்கத்தான் வேணும், உணவு உற்பத்தி வேறெங்கோ நடக்கட்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல விதிகளில் ஏறியது.

இதற்கிடையில் கோழியும் பெரும்பண்ணைக்குப் போய்விட்டது. 1923 இல் டெலவெயரில் செலியா ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சுகள் கேட்க, தவறுதலாக 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. வளர்த்து இறைச்சிக்கு விற்றார். அமெரிக்காவின் இறைச்சிக்கோழித் தொழில் அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். முட்டையும் கூண்டுப் பண்ணைகளிலிருந்து மலிவாக வர, வீட்டுக்கோழி பட்டிக்காட்டுத்தனமாகத் தெரியத் தொடங்கியது. மணமும் சத்தமும் உண்மையான பிரச்சினைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் விடியமுன்னம் கூவி ஊரை எழுப்புவது சேவல். பல விதிகள் பேட்டையும் சேர்த்தல்லவா துரத்தின!

சிலர் மட்டும் விடவில்லை. விஸ்கொன்சின் மாநிலத்தின் மெடிசன் நகரில் தடை இருந்தபோதே களவாகக் கோழி வளர்த்தவர்கள் இருந்தார்கள். 2004 இல் அங்கே விதி மாறியது. வீட்டுக்கு நாலு பேடு வரை வைத்திருக்கலாம், சேவல் கூடாது, அங்கேயே வைத்து அறுக்கக்கூடாது, கூடு அயல்வீட்டிலிருந்து 25 அடி தள்ளி இருக்கவேண்டும். அயலவருக்கு வரக்கூடிய கஷ்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து அதற்குமட்டும் கட்டுப்பாடு போட்டார்கள். நியாயமான விதி எண்டால் இப்படித்தானே இருக்கவேணும்?

2025 இல் பறவைக்காய்ச்சலால் பண்ணைகளில் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டு முட்டை விலை உச்சத்துக்குப் போனது. அப்போது விவசாயச் செயலாளர் புரூக் ரோலின்ஸ் முன்வைத்த யோசனைகளில் ஒன்று, குடும்பங்கள் பின்வளவில் கோழி வளர்ப்பதை இலகுவாக்குவது. நூறு வருஷம் கழித்து அங்கிள் சாம் அதே கதவைத் தட்டுகிறார். 2022 நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததைப் பார்த்த எங்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல.

அரசு கேட்ட அன்றைக்கே கோழி வளர்க்கத் தெரிந்துவிடாது. அடை வைப்பது, தூங்கி விழும் கோழியை நேரத்தோடு பிரித்து வைப்பது, இரவில் கூட்டைக் காப்பது எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகுகிற கைப்பழக்கம். வீட்டுக்கோழிக்கும் பறவைக்காய்ச்சல் வரும் என்பதால் அந்தப் பழக்கம் இன்னும் அவசியம். ஒரு தலைமுறைக்குத் தடை போட்டால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆளிருக்காது. மெடிசனில் களவாக வளர்த்தவர்கள் முட்டையோடு சேர்த்துக் காப்பாற்றியது அதைத்தான்.