ஒன்பதாம் தளத்திற்கு எட்டாத செய்தி

தீயைக் கண்டறிவது வேறு. தீப்பற்றிய செய்தி அனைவரையும் சென்றடைவது வேறு. இவ்வேறுபாட்டின் விலையை நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை காட்டியது. அது ஒரு கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இயங்கியது. 1911 மார்ச் 25 அன்று எட்டாம் தளத்தில் தீ மூண்டது. பத்தாம் தளத்து அலுவலகத்திற்குத் தொலைபேசியில் தகவல் சென்றது. அங்கிருந்தோர் ஏறத்தாழ அனைவரும் தப்பினர். இடைப்பட்ட ஒன்பதாம் தளத்திற்கு எவரும் தெரிவிக்கவில்லை. அங்கே ஒரு கதவும் பூட்டிக் கிடந்தது. மாண்ட 146 பேரில் பெரும்பாலோர் அத்தளத்தினரே.

அறிவியல் அறியாத காலமன்று அது. 1852இலேயே பாஸ்டன் நகரம் தந்திவழித் தீ அறிவிப்பு முறையை நிறுவியிருந்தது. ஆயினும் அது தீயணைப்போரை அழைக்கவே பயன்பட்டது. கட்டடத்தினுள் இருப்போரை எச்சரிக்க அன்று.

1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கிலும் இதே அவலம் நேர்ந்தது. தரைத்தள மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை பால்கனியைச் சூழ்ந்தபோதும் பார்வையாளருக்கு அறிவிப்பு ஏதும் வரவில்லை. 59 பேர் உயிரிழந்தனர்.

இன்று கம்பியில்லாத் தீ எச்சரிக்கைக் கருவிகளைத் தேர்வு செய்யும் நிறுவனங்களுக்கும் இவ்வரலாறு பொருந்தும். ஓர் உணரி புகையை அறிந்தால் எல்லாத் தளங்களிலும் ஒலி எழ வேண்டும். கான்கிரீட் சுவர்கள் வானொலி அலையை நலிவுறச் செய்யும். ஆதலால் கடைக்கோடி அறையிலும் சோதித்த பின்னரே வாங்க வேண்டும். மின்கலம் தளர்ந்தாலோ இணைப்பு அறுந்தாலோ கட்டுப்பாட்டுப் பலகை உடனே தெரிவிக்க வேண்டும். விலைப்பட்டியலை ஒப்பிடுவது அதன் பிறகுதான்.