ஒப்பாரிக்காரியும் கவிஞனும்: ருஷ்யர் கண்ட வழியும் நம் தோட்டத்துப் பாட்டும்

சிரம்பானிலாயினும் சரி, பகாவிலாயினும் சரி, தமிழன்பர் நால்வர் கூடுமிடத்தில் கவிதையைப் பற்றிப் பேச்செழுந்தால், அது ஒரே வழக்கில் போய் முட்டிக்கொள்ளக் காண்கிறோம். ‘யாப்பில்லாதது பாட்டாகுமோ?’ என்பார் ஒரு சாரார். ‘எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடி அலைகிறவன் நெஞ்சிலுள்ளதை எப்பொழுது சொல்வான்?’ என்பார் மற்றொரு சாரார். மரபென்றும் புதுமையென்றும் இரு கட்சி கட்டி, நாற்காலிகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வழக்கு நடந்து வருகிறது. தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வாதியும் பிரதிவாதியும் ஒருங்கே மறந்துவிட்ட சாட்சி ஒருத்தி உண்டு. அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவள். அவளை மன்றுக்கு அழைக்குமுன், இதே வழக்கை நம்மினும் கடுமையாக நடத்திய ருஷ்ய நாட்டாரின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ருஷ்யாவில் பதினேழாம் நூற்றாண்டுக் கற்றோர், போலந்து நாட்டாரைப் பார்த்து, அடிக்கு இத்தனை அசை என எண்ணிக் கவி கட்டினர். ருஷ்ய மொழியின் உயிரோ சொல்லில் விழும் அழுத்தத்தில் இருப்பது. ஆகவே எண்ணிக்கை பொருந்தியும் ஓசை பொருந்தவில்லை. 1735-இல் திரெதியாகவ்ஸ்கி என்பார் அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட யாப்பொன்றை முன்மொழிந்தார். 1739-இல், ஜெர்மனியில் மாணவராயிருந்த லொமனோசவ் அதனை மேலும் விரித்து ஒரு கடிதமும், அதற்கு எடுத்துக்காட்டாகத் தாமே ஒரு பாடலும் எழுதி நாட்டுக்கு அனுப்பினார். வடகடலோரத்து மீன்பிடிக் குடியில் பிறந்தவர் இந்த லொமனோசவ். அன்று கலகமாகத் தோன்றிய அந்த யாப்பே நூறாண்டில் ‘மரபு’ என்னும் பெயர் பெற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடப் பகுதியாயிற்று!

அவ்வியாப்பைக் கொண்டு ருஷ்ய மொழியின் தலைமைக் கவிஞராக விளங்கியவர் புஷ்கின். 1799-இல் பிறந்த இவர் பிரபுக் குலத்தவர். பிரெஞ்சு பேசுவதே பெருமை என்றிருந்த வீட்டில் வளர்ந்தவர். 1824-இல் அரசின் சினத்துக்காளாகி, மிக்கைலவ்ஸ்கயே என்னும் குடும்பக் கிராமத்தில் இரண்டாண்டு ஒதுங்கியிருக்க நேர்ந்தது. அங்கே தம்மை வளர்த்த செவிலி அரினா ரொதியோனவ்னா மாலைதோறும் சொன்ன கதைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். அம்மூதாட்டி பண்ணையடிமைக் குடியில் பிறந்தவள். அக்கதைகள் சில பிற்காலத்தில் அவர் எழுதிய பாட்டுக் கதைகளாயின. வீட்டின் கூடத்திலே கல்வி இருந்தது. மொழி அடுக்களையிலே இருந்தது.

ஆயினும் புஷ்கினை நாம் அதிகம் பேசப் போவதில்லை. உலகமே பேசுகிறது. நாம் நின்று பார்க்க விரும்புவது வேறொருத்தியை.

ருஷ்யாவின் வடபுலத்தில் ஓலோனெத்ஸ் என்னும் பகுதியில் இரினா பெதோசவா என்னும் உழவுக்குடிப் பெண் வாழ்ந்தாள். எழுத்தறியாதவள். சிறுமியாயிருக்கையில் குதிரையினின்று விழுந்து கால் ஊனமானவள். சாவு வீடு என்றால் ஊரார் அவளைத்தான் அழைப்பர். கணவனை இழந்தவள் வாயாகவும், மகனைப் புதைத்த தாயின் வாயாகவும் அவளே நின்று பாடுவாள். சுற்றியிருப்போர் தம் துயரத்துக்குச் சொல் கிடைத்ததென்று அழுவர். நம்மூரிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தனர் அல்லவா? பெத்ரசவோத்ஸ்க் நகரின் சமயக் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்த பார்சவ் என்பவர் 1867-இல் இவளைக் கண்டுபிடித்தார். பாடச் செய்து, பாடியவாறே எழுதினார். 1872-இல் அவ்வொப்பாரிகளின் முதற்றொகுதி நூலாக வெளிவந்தது.

அடுத்து வந்த தொகுதியொன்று படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்குரிய ஒப்பாரிகளைக் கொண்டது. உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரியா எனின், ஆம். அந்நாட்டில் ஒரு காலத்தில் படைப்பணி 25 ஆண்டு. போனவன் திரும்பி வந்து தன் வீட்டு வாசலை மிதிப்பது அரிது. எனவே அவனை வழியனுப்புவதும் பிணத்தை அனுப்புவதும் பெண்களுக்கு ஒன்றாகவே இருந்தது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1861-இல் பண்ணையடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. ருஷ்ய நாட்டில் நலமாய் வாழ்பவன் எவன் என்று தேடி ஏழு குடியானவர்கள் புறப்பட்டுப் போவதாக நெக்ராசவ் என்னும் கவிஞர் ஒரு நெடுங்காவியம் எழுதிவந்தார். அதில் உழவுப் பெண்ணைப் பற்றிய பகுதியை எழுதும்போது அவர் நாடியது இலக்கண நூலை அன்று, பார்சவின் தொகுதியை. பெதோசவாவின் ஒப்பாரி நடையும் சொல்லும் 1873-ஆம் ஆண்டளவில் கவிஞன் ஏட்டில் ஏறின. 1896-இல் நீழ்னி நோவ்கரத் நகரப் பொருட்காட்சியில் அம்மூதாட்டி மேடையேறிப் பாடியதைக் கேட்டு, அப்போது செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் கார்க்கி உருகி எழுதினார். அவ்வாண்டே அவள் குரலை ஒலிப்பதிவு செய்தும் வைத்தனர்.

இனி நம் பக்கம் வருவோம். பார்சவின் நூலுக்கு ஓராண்டு முன், 1871-இல், சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னாட்டு நாட்டுப்பாடல் என்று ஒரு நூலைச் சென்னையில் வெளியிட்டார். நன்முயற்சிதான், ஆனால் அதில் திருக்குறளுக்கு ஒரு பகுதி! குறள் நாட்டுப்பாடலானால் தெம்மாங்குக்கு என்ன பெயர் வைப்பது? பெர்சி மக்குவீன் என்னும் அதிகாரி திரட்டிய உண்மையான நாட்டுப்பாடல்கள், கி. வா. ஜகந்நாதன் பதிப்பில் ‘மலையருவி’ என்னும் பெயரோடு வெளிவந்தது 1958-இல்தான். நா. வானமாமலை போன்றோர் அதன்பின் அப்பணியை வளர்த்தனர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்த அக்காலத்தில், வாய்ப்பாட்டைத் தேடி அலைய ஒரு தமிழர் கிளம்பவில்லை என்பது நமக்கு இன்றும் உறுத்துகிறது.

இதற்கு இலக்கணம் குறுக்கே நின்றதா? இல்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வகை வனப்புகளைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று ‘விருந்து’. முன்னில்லாத புதிய யாப்பில் செய்யப்படுவது. மற்றொன்று ‘புலன்’, மக்கள் பேசும் சேரிமொழியில், ஆராயாமலே பொருள் விளங்கச் செய்யப்படுவது. புதுமைக்கும் பாமரர் பேச்சுக்கும் இலக்கணத் தந்தையே இரண்டு நாற்காலி போட்டுவைத்திருக்க, அவற்றைத் தூக்கிப் பரண்மேல் போட்டவர் பிற்காலத்துப் பண்டிதரேயாவர். விருத்தம் இன்று மரபின் கோட்டை. அந்த விருத்தத்தின் பெயரும் இலக்கணமும் தொல்காப்பியத்தில் இல்லை!

அந்நாற்காலிகளை மீண்டும் இறக்கியவர் பாரதியார். தெருக்கூத்துக்குரியது என்று கற்றோர் புறந்தள்ளிய நொண்டிச்சிந்தை எடுத்து ‘பாஞ்சாலி சபத’த்தின் பெரும்பகுதியைப் பாடினார். அதன் முற்பகுதி 1912-இல் வெளிவந்தபோது, பொதுமக்களுக்குப் பழகிய மெட்டில், எளிய சொல்லில் காவியம் செய்வதே மொழிக்குப் புத்துயிர் தருவது என்னும் கருத்தை முன்னுரையிலேயே எழுதிவைத்தார். ‘குயில் பாட்டி’லோ ஏற்றமிறைப்பவர் பாட்டு, நெல்லிடிக்கும் பெண்கள் பாட்டு என்று உழைப்பவர் பாட்டுகளை வரிசையாக எண்ணி, அவற்றில் குயில் மயங்கிய கதையைச் சொல்கிறார். ருஷ்யப் புரட்சியைப் பாடிய அவரே, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் அல்லலுற்ற நம் பெண்களையும் பாடினார். தோட்டத்துத் தமிழச்சி பெருங்கவிஞன் ஒருவன் பாட்டில் இடம்பெற்ற நிகழ்ச்சி அது. எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாரதியார் அப்பெண்களின் அழுகையைத் தொலைவிலிருந்து நெஞ்சால் கேட்டவர். அவர்கள் அழுத சொல் இன்னதென்று அவருக்கு எழுதியனுப்ப அங்கே ஒரு பார்சவ் இல்லை.

மரபை அடியோடு வீசிவிடுவோம் என்று கிளம்பியவர்களும் ருஷ்யாவில் உண்டு. 1912 டிசம்பரில் இளங்கவிஞர் சிலர் ஓர் அறிக்கை விட்டு, புஷ்கினையும் தால்ஸ்தாயையும் காலமென்னும் கப்பலிலிருந்து கடலில் தள்ளச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவர் மாயகாவ்ஸ்கி. அடிகளை உடைத்துப் படிக்கட்டுப்போல் அடுக்கி அச்சிட்டு, மைதானத்திலே நின்று உரக்கப் படிப்பதற்கென்றே கவிதை செய்தவர். நம் நாட்டில் இவருடைய லெனின் காவியத்தைத் தொ. மு. சி. ரகுநாதன் தமிழாக்கினார். வேடிக்கை என்னவெனில், 1924-இல் புஷ்கின் பிறந்து 125 ஆண்டு நிறைந்தபோது, இதே மாயகாவ்ஸ்கி மாஸ்கோ நகரத்துப் புஷ்கின் சிலையிடம் போய்த் தோழனோடு பேசுவதுபோல் ஒரு கவிதை எழுதினார். தள்ளியவரே கைகொடுத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்!

தமிழிலும் புதியவர்கள் வந்தனர். 1934-இல் ‘மணிக்கொடி’யில் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ வெளிவந்தது. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ அவ்வழியை அகலப்படுத்தியது. மலேசியத் தமிழில் புதுக்கவிதை 1964-இல் சி. கமலநாதனிடம் பிறந்தது என்பர். நம் அண்டை வீட்டாரான மலாய்க்காரரிடமும் இதே கதைதான். நெகிரி செம்பிலானில் வழக்காற்றுச் சட்டமே ‘பெர்பிலாங்கான்’ என்னும் ஓசை நயமிக்க சொற்றொடர்களில் வாய்வழியே காக்கப்பட்டு வந்தது. மினாங்கபாவிலிருந்து வந்தேறியவர்களின் செல்வம் அது. அதே மினாங்கபாவ் பெற்றோருக்குப் பிறந்த சைரில் அன்வார்தான் 1943-இல், ஜப்பானியர் ஆட்சியில், பழைய கட்டுகளை உடைத்த கவிதைகளை எழுதினார். அவர் கவிதைகள் இந்நாட்டு மலாய்ப் பள்ளிகளிலும் அறியப்பட்டவை.

ருஷ்யாவில் மற்றொரு நிகழ்ச்சி. ஸ்தாலின் ஆட்சியில் அன்னா அக்மதோவா என்னும் பெண் கவிஞரின் மகன் சிறைப்பட்டான். லெனின்கிராத் சிறை வாசலில் பதினேழு மாதம் மற்றத் தாய்மாரோடு அவர் வரிசையில் நின்றார். அவ்வரிசையின் துயரை ‘இரங்கற்பா’வாகப் பாடினார். தாளில் வைத்திருந்தால் தலை போகும். ஆகையால் எழுதிக் காட்டி, நண்பர்கள் மனப்பாடம் செய்ததும் தாளைக் கொளுத்திவிடுவார். அந்நூல் சோவியத் நாட்டில் முழுமையாக அச்சேறியது 1987-இல்தான். அதுவரை அது வாழ்ந்தது ஒப்பாரி வாழ்ந்த இடத்தில், அதாவது பெண்களின் நினைவில்.

இப்போது நம் சாட்சியை அழைப்போம். சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது; கங்காணி முறையில் ஆள் கட்டுவது 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்குள் ரந்தாவ், சிலியாவ், லாபு, தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் நம்மவர் லயங்களை நிரப்பியிருந்தனர். கப்பலில் அவர்கள் கொண்டுவந்த சொத்துகளில் சுங்கமில்லாதது பாட்டு ஒன்றே. தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் பால்மர நிரைக்குள் புகுந்தன. பெரட்டுக்கு அடிக்கும் மணியும், வாளியும், மங்கும், கிராணியும், துரையும் அப்பாட்டுகளுக்குள் புகுந்தனர். யாரும் அதைப் புதுக்கவிதை என்று சொல்லவில்லை.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கென்று தோட்டத்துத் தமிழரைப் பல பதினாயிரம் பேராகக் கொண்டுபோயினர். திரும்பாதவர் தொகை பெரிது. பிணமில்லை, குழியில்லை, நாள் தெரியாது. ஆயினும் லயங்களில் ஒப்பாரி எழுந்தது. அவற்றை எழுதிவைத்தது யார்? தோட்டப் பாடல்களை அரிதின் முயன்று தொகுத்தவர் சிலர் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். கிடைத்தது கைப்பிடி, போனது களஞ்சியம்.

இதில் நம் பங்குக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். சீர்திருத்தம் பேசிய நாம், மாரடித்து அழுவது மூடப்பழக்கம், இழவு வீட்டில் அமைதி வேண்டும் என்று மேடைதோறும் முழங்கினோம். வேண்டாத சடங்கைத் தள்ளச் சொன்னது சரியே. இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் சடங்கைக் கொட்டும்போது கூடையில் பாட்டும் இருந்ததை நாம் குனிந்து பார்க்கவில்லை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய்ப் பக்கத்தில் செம்பனையும் போய் வீட்டுமனை வந்தது. லயம் கலைந்தது. கேட்கக் கூட்டமில்லாத இடத்தில் யார் பாடுவார்?

சில ஆண்டுகளுக்கு முன் சிலியாவ் பக்கத்தில், எண்பதைக் கடந்த பாட்டி ஒருவரைத் தேடிப் போனோம். தந்தையைச் சயாமுக்கு ஏற்றிச் சென்றபோது அவருக்கு வயது ஐந்து. தாய் வைத்த ஒப்பாரி நினைவிருக்கிறதா என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அதை வீட்டுக்குள்ள வெக்கக் கூடாது தம்பி, இருக்கிறவங்களுக்கு ஆகாது” என்றார். பேரப்பிள்ளைகள் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தனர். நாம் புறப்பட எழுந்தோம். அவர் தடியை ஊன்றிக்கொண்டு நம்மோடு வெளியே வந்து, வீட்டு எல்லையைத் தாண்டி, செம்பனை வரிசை தொடங்குமிடத்தில் நின்றார். அங்கே பாடினார்.

பழைய ஒப்பாரியில் பல்லக்கு வருமிடத்தில், அவர் தாயின் பாட்டில் சன்னலில்லாத ரயில் பெட்டி வந்தது. பொன் கட்டில் வருமிடத்தில் மூங்கில் பாய் வந்தது. பாடிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் அடி மறந்து நின்றார். இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தார்; அவ்விடத்தில் வந்ததும் பாட்டு நின்றுவிட்டது. “அம்மாவுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். நம் குறிப்பேட்டில் பதினொரு அடிகள் இருக்கின்றன.