ரத்தும் செல்லாமையும்: இந்துத் திருமணச் சட்டத்தில் ‘நடக்காத’ திருமணம்

நீதிமன்ற வளாகங்களில் மணமுறிவுக்கு வழங்கும் சொல் விவாகரத்து. சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் ஒரு முரண் தட்டுப்படும். ரத்தான ரயில் ஓடுவதே இல்லை. விவாகரத்தான திருமணமோ ஓடி, வழியில் நின்றுபோனது. அது செல்லுபடியாக நடந்தது, தீர்ப்பு நாள் வரை இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே நீதிமன்றம் அதை முறிக்கிறது. அப்படியானால் உண்மையில் ‘ரத்து’ என்று சொல்லத் தகுந்தது வேறொரு தீர்ப்பு: இந்துத் திருமணச் சட்டம், 1955-இன் 11, 12 ஆகிய பிரிவுகளின் கீழ், இது சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல என்று அறிவிக்கும் தீர்ப்பு. ரத்து என்ற சொல் ஏற்கெனவே வேறிடத்தில் குடியேறிவிட்டதால், இதற்குச் ‘செல்லாது’ என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

இது வெறும் சொற்குழப்பம் அன்று என்பது என் வாதம். திருமணம் நடக்கவே இல்லை என்ற புனைவின் மீதுதான் செல்லாமைச் சட்டம் எழுப்பப்பட்டது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நாடாளுமன்றமும் உச்சநீதிமன்றமும் அந்தப் புனைவின் விளைவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டன. பிள்ளைகளின் தகுதியின் மீதான அதன் பிடி போயிற்று, சொத்தின் மீதானது போயிற்று, அண்மையில் ஜீவனாம்சத்தின் மீதானதும் போயிற்று. எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பெயர். அந்தப் பெயரைப் பெறுவதற்காக ஒருவர் மற்றவரின் உடலையோ நாணயத்தையோ சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சட்டம் செல்லாமையை இரண்டாகப் பிரிக்கிறது. பிரிவு 11-இல் வருபவை தொடக்கம் முதலே செல்லாதவை. மணநாளில் ஒருவருக்கு உயிருடன் வாழ்க்கைத்துணை இருப்பது, இருவரும் தடைசெய்யப்பட்ட உறவுமுறையில் இருப்பது, இருவரும் சபிண்டராக (பொது மூதாதையரைக் கொண்ட நெருங்கிய உறவினராக) இருப்பது ஆகிய மூன்றே காரணங்கள். இவற்றுக்குத் தீர்ப்பே தேவையில்லை என்பது கொள்கை. தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் திருமணம் இல்லை. பிரிவு 12-இல் வருபவை செல்லாததாக்கத்தக்கவை. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறும்வரை அவை முழுத் திருமணங்களே. அவர் வழக்குப் போடாமலே இறந்துவிட்டால் அவை செல்லுபடியான திருமணங்களாகவே முடிகின்றன.

முதல் வகையில் தமிழருக்கு உடனே புரியும் ஒரு விசித்திரம் உண்டு. சட்டத்தின் உறவுமுறைத் தடைப் பட்டியலில் மாமனும் மருமகளும் இருக்கிறார்கள், அண்ணன் தங்கையின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டியவரையும், அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியவரையும் அந்தப் பட்டியலின்படி எண்ணினால், தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்களில் திருமணமே நடந்திருக்காது. காப்பாற்றுவது ஒரு சிறு விலக்கு: இரு தரப்பையும் ஆளும் வழக்கம் அனுமதித்தால் தடை இல்லை. வட இந்தியக் குடும்பத்தில் தொடக்கம் முதலே செல்லாதது மதுரையில் முறைப்பெண் உரிமை. ஆனால் வழக்கத்தைச் சொல்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். இதே இணை சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ்ப் பதிவு செய்யப் போனால், மாநில அரசு அறிவிக்கை செய்த வழக்கம் மட்டுமே அங்கே செல்லும். ஒரே இரு மனிதர்கள், எந்த மேசைக்கு முன் நின்றார்கள் என்பதைப் பொறுத்து மணமக்களாகவோ அந்நியராகவோ ஆகிறார்கள்.

சடங்கின் குறை பிரிவு 11-இலும் இல்லை, 12-இலும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் சடங்கில்லை என்ற காரணத்தால் செல்லாது என்றது. அதன் நிழல் அப்படித் தாலி கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மீது விழுந்தது. அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-இலேயே நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த, இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து அந்த நிழலை நீக்கியது. இல்லாததாகச் சொல்லப்பட்ட திருமணங்களை ஒரு சட்டமன்றம் பின்னோக்கிச் சென்று இருந்ததாக்கிய நிகழ்வு அது. எதிர்த்திசையில், 2024-இல் உச்சநீதிமன்றம், சட்டம் கேட்கும் சடங்கு நடைபெறாத இடத்தில் பதிவுச் சான்றிதழ் மட்டும் திருமணத்தை உண்டாக்காது என்றது. வெளிநாட்டு விசாவுக்காக முன்கூட்டிப் பதிவு மட்டும் செய்து வைத்துக்கொண்டு, மண்டபக் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள் இதைப் படித்திருந்தால் நல்லது. இத்தகைய வழக்குகள் பிரிவு 11-இல் அடங்காததால் விளம்புகைத் தீர்ப்பைத்தான் கேட்க வேண்டும்.

பிரிவு 12-தான் உண்மையான போர்க்களம். அங்கே நான்கு காரணங்கள்: எதிர்த்தரப்பின் உடலுறவு இயலாமையால் தாம்பத்தியம் நிகழாமை, மணநாளில் ஒப்புதல் தர இயலாத மனநிலை, வற்புறுத்தலாலோ ஏமாற்றாலோ பெற்ற ஒப்புதல், மணநாளில் மனைவி வேறொருவரால் கருவுற்றிருத்தல். கடைசிக் காரணம் கணவனுக்கு மட்டுமே உரியது. மணநாளில் வேறொரு பெண் தன்னால் கருவுற்றிருந்ததை மறைத்த ஆணுக்கு எதிராக இதற்கு இணையான பிரிவு எதுவும் இல்லை. அவன் மனைவி ஏமாற்று என்ற பொதுக் காரணத்துக்குள் புகுந்து வாதாட வேண்டியதுதான்.

அந்த ஏமாற்றைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்று வழங்கும் ஊரில் எந்தப் பொய் சட்டத்தைத் தொடும்? 1976 வரை ‘ஏமாற்று’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. நீதிமன்றங்கள் அதைக் குறுக்கிப் படித்தன: சடங்கு என்னவென்றே தெரியாமல் உட்காரவைத்தால், ஆளை மாற்றிக் காட்டினால் ஏமாற்று, சம்பளத்தைக் கூட்டிச் சொன்னதும் வயதைக் குறைத்துச் சொன்னதும் ஆகாது. அந்த ஆண்டுத் திருத்தம், எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையையோ சூழ்நிலையையோ மறைப்பதும் ஏமாற்றே என்று கதவை அகலத் திறந்தது. முந்தைய திருமணத்தை மறைத்தல், தீவிர மனநோயை மறைத்தல் போன்றவை உள்ளே வந்தன. ஆனால் எது முக்கியமான உண்மை என்று சட்டம் சொல்லவில்லை. தரகர் சொன்னதும் பெரியப்பா சொன்னதும் எதிர்த்தரப்பு சொன்னதாகுமா என்பதும் வழக்குக்கு வழக்கு மாறுகிறது. நம் ஊரில் பெண் பார்க்கும் படலத்தில் மணமக்கள் பேசுவதே குறைவு. பொய் எப்போதும் மூன்றாம் வாயிலிருந்துதான் வருகிறது.

காலவரம்பு இதைவிடக் கடுமையானது. ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகு முழு மனத்தோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் உரிமை போய்விடும். உண்மை வெளிப்பட்டதும் வீட்டில் என்ன நடக்கிறது? இரு தரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசுகிறார்கள். ‘ஒரு வருஷம் பொறுத்துப் பார்’ என்று அறிவுரை வருகிறது. அந்தப் பொறுமையே பிற்பாடு குறுக்கு விசாரணையில் ஏமாந்தவரின் ஒப்புதலுக்குச் சான்றாகிறது. கருவுற்றிருத்தல் என்ற காரணத்துக்கோ வரம்பு இன்னும் இறுக்கம்: தெரிந்த நாளிலிருந்து அன்று, திருமண நாளிலிருந்தே ஓராண்டு.

குழந்தைத் திருமணம் இந்தக் கட்டமைப்புக்கு வெளியே நிற்கிறது. இந்துத் திருமணச் சட்டம் வயதுக் குறையைச் செல்லாமைக்குக் காரணமாக்கவில்லை. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்தான் அந்த வாய்ப்பைத் தருகிறது. குழந்தையாக மணம் முடிக்கப்பட்டவர் மேஜராகி இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். கடத்தலோ விற்பனையோ இருந்தால் அது தொடக்கம் முதலே செல்லாது.

உடலுறவு இயலாமை என்ற முதல் காரணத்துக்குக் காலவரம்பே இல்லை. மலட்டுத்தன்மையோடு இதைச் சேர்த்துக் குழப்பிப் பேசுவது சாதாரணம். சட்டம் மலட்டுத்தன்மையைக் காரணமாக ஏற்பதில்லை. 1976-க்கு முன் மணநாளிலும் மனுநாளிலும் இயலாமை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அதனால் தாம்பத்தியம் நிகழவில்லை என்று காட்டினால் போதும். ஆனால் காட்டுவது எப்படி? மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, போதுமான முகாந்திரம் இருக்க வேண்டும், மறுத்தால் பாதகமாக ஊகிக்கலாம் என்று 2003-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு சொன்னது. அது மனநிலை பற்றிய ஒரு மணமுறிவு வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்ததற்குப் பதினான்கு ஆண்டு முந்தையது. 2017-க்குப் பிறகு அந்த அதிகாரத்தை இன்னும் இறுக்கிப் படிக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

வழக்கின் நடைமுறையும் இந்தப் புனைவோடு ஒத்துப்போவதில்லை. மனு குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் தாக்கலாகிறது. திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றோடு, 2003 முதல் மனைவி மனு போட்டால் அவள் வசிக்கும் இடத்திலும் போடலாம். குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-இன்படி நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். இருதாரத் திருமணம் செல்லாது என்று கேட்டு வந்த பெண்ணிடம் சேர்ந்து வாழ முயலுங்கள் என்றால் அது குற்றத்துக்கு வழிசொல்வது. வழக்கின் தன்மைக்கு இயைந்தவரை என்று சட்டம் விலக்கு வைத்திருப்பது அதனால்தான், ஆனால் கோப்பு இயந்திரமாக நகரும் இடங்களில் விலக்கு நினைவுக்கு வருவதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. வாய்தாப் பட்டியலைப் பார்த்தவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். எதிர்த்தரப்பு வராமல் ஒருதலைப்பட்சமாகப் போனாலும் மனுதாரர் காரணத்தை மெய்ப்பித்தாக வேண்டும். பிரிவு 12-இல் இருவரும் பேசிவைத்து வந்திருந்தால் நீதிமன்றம் மறுக்க வேண்டும். பரஸ்பர சம்மதத்தால் திருமணத்தை முறிக்கலாம். பரஸ்பர சம்மதத்தால் அதை இல்லாததாக்க முடியாது.

இனிப் புனைவு எப்படிக் கரைந்தது என்று பார்க்கலாம். செல்லாத திருமணத்தின் பிள்ளைகளுக்கு, செல்லாது என்ற தீர்ப்பு வந்தால்தான் சட்டத் தகுதி என்ற விந்தையான நிலை 1976 வரை இருந்தது. திருத்தப்பட்ட பிரிவு 16 தீர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தகுதியைக் கொடுத்தது, ஆனால் பெற்றோர் சொத்தோடு நிறுத்திக்கொண்டது. 2023 செப்டம்பரில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்தக் கோட்டை நகர்த்தியது: தந்தை இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்திருந்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதிலும் அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டு. மனைவியின் பாதை இன்னும் கரடுமுரடு. 1988-இல், இரண்டாவதாக மணந்தவள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் ‘மனைவி’ அல்ல, ஜீவனாம்சம் இல்லை என்றது உச்சநீதிமன்றம். 2013-இல், முதல் திருமணத்தை மறைத்து மணந்தவன் தன் பொய்யையே கேடயமாக்க முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் நீதிபதி ஓகா தலைமையிலான மூவர் அமர்வு, பிரிவு 11-இல் செல்லாதென அறிவிக்கப்பட்ட திருமணத்திலும் பிரிவு 25-இன்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், வழக்கு நடக்கும்போது இடைக்கால உதவியும் கேட்கலாம் என்று தீர்த்தது. அத்தகைய பெண்களைச் ‘சட்டவிரோத மனைவி’ என்றும் ‘விசுவாசமான ஆசைநாயகி’ என்றும் மும்பை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு முன்பு எழுதிய சொற்களையும் கண்டித்தது. நடக்காத திருமணத்துக்கு யாரும் ஜீவனாம்சம் கொடுப்பதில்லை. கொடுக்கச் சொல்கிறது என்றால், ஏதோ நடந்தது என்று சட்டம் ஏற்றுவிட்டது.

பிறகு ஏன் இன்னும் மக்கள் இந்தத் தீர்ப்பைத் தேடி வருகிறார்கள்? இரு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, வரன் பார்க்கும் இடத்தில் ‘முதல் திருமணம்’ என்று எழுதிக்கொள்ளும் ஆசை. விவாகரத்தானவள் என்ற சொல் நம்மிடையே இன்னும் குத்துகிறது. கத்தோலிக்கர்களிடம் இதற்கு வேறு பரிமாணம்: திருச்சபை நீதிமன்றம் செல்லாதென அறிவிக்காமல் கோவிலில் மறுமணம் இல்லை. ஆனால் அந்தத் திருச்சபைத் தீர்ப்பு அரசுச் சட்டத்தில் எந்தப் பயனும் தராது என்று 1996-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அவர்கள் இரண்டு வாசலிலும் காத்துக்கிடக்கிறார்கள்.

மற்றொன்று சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. பிரிவு 14-இன்படித் திருமணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து மனுவை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. (1976-க்கு முன் அது மூன்றாண்டு.) செல்லாமை மனுவுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மூன்றாம் மாதத்திலேயே கசந்துபோன இணைக்கு உடனே திறந்திருக்கும் கதவு பிரிவு 12 மட்டுமே. அந்தக் கதவுக்குள் நுழைய ஒருவர் மற்றவரை ஆண்மையற்றவர் என்றோ ஏமாற்றியவர் என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். பிரிய விரும்பும் இருவரைப் பொய் சொல்லத் தூண்டுவதில் இதைவிடத் திறமையான சட்ட அமைப்பை வடிவமைப்பது கடினம்.

மாற்ற வேண்டியது பிரிவு 12 மட்டும் அன்று, முதலில் பிரிவு 14. விதிவிலக்கான துன்பம் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே அனுமதி தரலாம் என்று அதன் காப்புரை இப்போதும் சொல்கிறது. தாம்பத்தியமே நிகழவில்லை என்பதை, யார் காரணம் என்று கேட்காமல், அத்தகைய துன்பமாக நீதிமன்றங்கள் ஏற்கலாம். பரஸ்பர சம்மத மனுவுக்குத் தேவையான ஓராண்டுப் பிரிவு வாழ்வை அத்தகைய இணைக்கு நாடாளுமன்றம் தளர்த்தலாம். பிரிவு 12-இல் வற்புறுத்தல், ஏமாற்று, மனநிலை ஆகிய ஒப்புதல் சார்ந்த காரணங்கள் மட்டும் நிற்கட்டும். உடலை அளக்கும் காரணங்கள் மணமுறிவுக்குள் போகட்டும், அங்கே மருத்துவச் சான்றிதழை யாரும் கேட்க வேண்டியிராது.